கடையத்துச் செல்லம்மாள்: ஒரு நோன்பின் மறுபாதி

கழுகுமலைக்குத் தலயாத்திரை செல்லும் நம் சமூகத்துக் குடும்பங்கள் பல, சங்கரன்கோவில் வழியாகத் தென்காசியை அடைந்து, குற்றாலச் சாரலில் ஓரிரு நாள் தங்கி ஊர் திரும்புவதுண்டு. அவ்வாறு செல்வோர் தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் அரைமணி நேரம் பயணம் செய்தால் கடையம் என்னும் ஊரைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் இடையே அமைந்த ஊர் அது. பல்லாண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. மகாகவி சுப்பிரமணிய பாரதியாரின் வாழ்க்கைத் துணைவியாரான செல்லம்மாள் பிறந்த ஊர் இதுவேயாகும்.

பாரதியாரைப் பற்றி எழுதப்பெற்ற நூல்கள் எண்ணற்றவை. அவரோடு இருபத்துநான்கு ஆண்டுகள் மணவாழ்க்கை நடத்தி, அவர் மறைந்தபின் மேலும் முப்பத்துநான்கு ஆண்டுகள் அவர் நினைவைச் சுமந்து வாழ்ந்த அம்மையாரைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ மிகச் சிறிது. இல்லறத்தைத் துறவறத்திற்கு ஆதாரமாகப் போற்றும் மரபில் வந்த நமக்கு அன்னாருடைய வரலாறு சிந்தனைக்குரியது என்று கருதி, அதனை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகிறோம்.

பிறப்பும் மணமும்

செல்லம்மாள் 1890-ஆம் ஆண்டில் கடையத்தில் செல்லப்பா அய்யர் என்பாருக்கு மகளாகப் பிறந்தார். 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஆனித் திங்களில், எட்டயபுரம் சின்னசாமி அய்யரின் மகன் சுப்பிரமணியத்திற்கும் இவருக்கும் திருமணம் நடைபெற்றது. மணமகளுக்கு ஏழு வயது, மணமகனுக்குப் பதினான்கு. அக்காலத்தில் இஃது எவருக்கும் வியப்பளிக்கவில்லை. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு எனத் திருமண வயதை வரையறுத்த சாரதா சட்டம் 1929-இல்தான் நிறைவேறியது.

திருமணமான மறு ஆண்டே மணமகனின் தந்தையார் காலமானார். ஐந்து வயதிலேயே அன்னையை இழந்திருந்த பாரதியார், காசியிலிருந்த தம் அத்தை குப்பம்மாளிடம் சென்று, 1902 வரை அங்கே தங்கிக் கல்வி பயின்றார். இளம் மனைவியோ கடையத்திலேயே இருந்தார். கணவர் அரசியல் வழியில் ஈடுபடுகிறார், அதனால் தீங்கு நேரக்கூடும் என்று உறவினர் பேசக் கேட்டு அச்சிறுமி அஞ்சினார். தம் அச்சத்தைத் தெரிவித்துக் கடிதமும் எழுதுவித்தார். காசியிலிருந்து வந்த மறுமொழி, வீண் கவலையை விடுத்து அந்த நேரத்தில் தமிழை நன்கு கற்றுக்கொள்ளுமாறு அறிவுரை கூறியது. கணவர் மீது மனைவி கொண்ட அச்சமும், அவ்வச்சத்தைப் பொருட்படுத்தாது அவரைத் தமக்கு நிகராக உயர்த்த விரும்பிய கணவரின் ஆவலும் அக்கடிதத்திலேயே தோன்றிவிட்டன. பின்னர் நடந்த நெடிய வாழ்க்கை முழுவதும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன.

கொல்கத்தாவில் எழுந்த வினா

1904-ஆம் ஆண்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார், அவ்வாண்டின் இறுதியில் சுதேசமித்திரன் இதழின் துணையாசிரியராகச் சென்னை சென்றார். மூத்த மகள் தங்கம்மாள் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. 1906 டிசம்பரில் கொல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குச் சென்ற பாரதியார், சுவாமி விவேகானந்தரின் மாணவியாகிய நிவேதிதா தேவியாரைச் சந்தித்தார். தேவியார் அவர்தம் மனைவியைப் பற்றி வினவினார். பெண்டிரை இத்தகைய இடங்களுக்கு அழைத்துவரும் வழக்கம் எங்கள் சமூகத்தில் இல்லை என்று பாரதியார் விடை பகர்ந்தார். பாதி மக்களை அடிமைகளாக வைத்துக்கொண்டு நாட்டிற்கு விடுதலை தேடுவது எங்ஙனம் என்று தேவியார் இடித்துரைத்ததாக வரலாறு கூறுகிறது.

அன்று முதல் பாரதியாரின் நோக்கு மாறியது. தம் முதற் கவிதைத் தொகுதிகளை நிவேதிதா தேவியாருக்கே அவர் காணிக்கையாக்கினார். பெண்கள் கல்வி பெறவும், தாம் விரும்பியவரையே மணக்கவும், பொது வாழ்வில் ஈடுபடவும் உரிமை வேண்டும் என்று ஓயாது எழுதினார். மனைவியைத் தம்முடன் சமமாக நடத்தவும் முயன்றார். எனினும் அவ்வுரிமையின் விலையை ஊராரின் ஏச்சாகவும் உறவினரின் முகச்சுளிப்பாகவும் நாள்தோறும் கொடுக்க நேர்ந்தவர் செல்லம்மாளே என்பதை நாம் மறத்தலாகாது.

புதுவையில் பத்தாண்டு

1908-ஆம் ஆண்டில் அரசின் அடக்குமுறை கடுமையாயிற்று. வ.உ. சிதம்பரனார் சிறைப்பட்டார். இந்தியா இதழின் மீது வழக்குத் தொடரப்பட்டது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இரண்டாம் மகள் சகுந்தலா பிறந்ததும் அவ்வாண்டிலேயே. கைக்குழந்தையும் மூத்த மகளுமாக அம்மையார் பின்னர் கணவரைச் சென்றடைந்தார்.

புதுவையிலிருந்து வெளிவந்த இந்தியா இதழ் 1910-இல் நின்றுவிட்டது. அதனோடு நிலையான வருவாயும் நின்றது. மறு ஆண்டு, தென்காசிக்கு அடுத்துள்ள செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன், தம் இளம் மனைவியை விட்டுச் சென்று, மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அதன்பின் புதுவையில் தங்கியிருந்த தேசபக்தர்கள் அனைவர் மீதும் ஒற்றர்களின் கண்காணிப்பு மிகுந்தது. கடிதங்களும் பணமும் தடைப்பட்டன. இச்சூழலிலேதான் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் தோன்றின. அப்பாடல்கள் பிறந்த வீட்டில் அடுப்பு எரியச் செய்யும் பொறுப்பு அம்மையாருடையதாயிற்று.

குருவிகளுக்கு அரிசி இட்ட நிகழ்ச்சியைத் தமிழர் அனைவரும் அறிவர். வீட்டில் அரிசி இல்லை. அம்மையார் அக்கம்பக்கத்தில் கடனாகப் பெற்றுவந்து, புடைப்பதற்காக முறத்தில் இட்டுவிட்டு, வேறு வேலையாக உள்ளே சென்றார். திரும்பி வந்து பார்க்கையில், கணவர் அவ்வரிசியில் ஒரு பங்கினை முற்றத்திற் குருவிகளுக்கு இறைத்துவிட்டு, அவை கொத்தித் தின்னும் அழகைக் கண்டு பாடிக்கொண்டிருந்தார். இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் கவிஞரின் சீவகாருண்யத்தைப் பாராட்டி முடித்துவிடுகின்றனர். உயிர்களிடத்து அன்பைத் தலையாய அறமெனக் கொள்ளும் நாமும் அதனைப் பாராட்டவே கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அன்று மாலை இரு பெண்மக்களுக்கும், எந்நேரமும் வந்துபோகும் விருந்தினருக்கும் என்ன சமைப்பது என்ற கவலை எவரைச் சார்ந்தது? மீண்டும் அண்டை வீட்டுப் படியேற வேண்டியவர் யார்? தானம் செய்தவர் ஒருவர். அத்தானத்தின் கடனை அடைத்தவர் மற்றொருவர். இதனைச் சொல்வதால் மகாகவியின் பெருமை குறையாது என்பது நம் கருத்து.

பிறந்த ஊரின் நிழலில்

1918 நவம்பரில் பாரதியார் புதுவையை விட்டு வெளியேறினார்; கடலூர் அருகே கைது செய்யப்பெற்றுச் சிறையில் வைக்கப்பட்டு, டிசம்பர் 14-ஆம் நாள் நிபந்தனைகளுடன் விடுதலையானார். நேரே அவர் வந்து சேர்ந்த இடம் மனைவியின் ஊராகிய கடையம். 1920-ஆம் ஆண்டின் இறுதி வரை, ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கே வாழ்ந்தார்.

மணமான பெண், வருவாயற்ற கணவரோடும் இரு பெண்மக்களோடும் பிறந்த ஊருக்குத் திரும்பி, உடன்பிறந்தாரின் ஆதரவில் வாழ்வது எத்துணைத் துன்பம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாரதியாரோ சாதிக் கட்டுப்பாடுகளை மதியாதவர். எல்லாச் சாதியாரோடும் பழகியவர். அக்கிரகாரம் அவரை விலக்கியே வைத்தது. மனைவியின் தோள்மீது கைவைத்து அவர் வீதியில் நடந்து சென்றார் என்றும், அதனைக் கண்டு ஊரார் எள்ளி நகைத்தனர் என்றும் கூறுவர். அவர் நித்திய கல்யாணி அம்மன் கோயிலிலும் மலையடிவாரத்துப் பாறைகளிலும் அமர்ந்து தம்மை மறந்து பாடுவார். உறவினரின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர் வீட்டிலிருந்த அம்மையார். கணவர் கொண்ட கொள்கைக்கும் பிறந்த குலத்தின் வழக்கத்திற்கும் இடையே நின்று, இரு திசையிலும் வந்த கடுஞ்சொற்களை அவரே தாங்கினார்.

இக்காலத்தில் குடும்பத்தோடு திருவனந்தபுரம் சென்றபோது, அங்குள்ள விலங்குக் காட்சிச்சாலையில் பாரதியார் சிங்கத்தின் கூண்டருகே சென்று அதனைத் தடவிக்கொடுத்த நிகழ்ச்சியும் நடந்தது. கவிஞருக்கு அது பேரானந்தம். அருகில் நின்ற மனைவிக்கோ உயிர் போய் உயிர் வந்தது.

பொருள் ஈட்ட பாரதியார் முயலவில்லை என்று கூறுவது பிழை. 1919-இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார், பயன் விளையவில்லை. 1920-இல் தம் நூல்களை நாற்பது தொகுதிகளாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகளாக அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனுதவி வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் விலையாகும் என்று அவர் நம்பினார். அந்நாளில் அந்நம்பிக்கைக்கு உதவியவர் அரியர். பிற்காலத்தில் அவ்வெண்ணிக்கையையும் மிஞ்சி அவர் நூல்கள் விற்பனையாயின என்பது யாவரும் அறிந்ததே.

முப்பத்தொன்றில் கைம்மை

1920 நவம்பரில் பாரதியார் மீண்டும் சுதேசமித்திரனில் பணியேற்றுக் குடும்பத்துடன் சென்னை திருவல்லிக்கேணியில் குடியேறினார். மாத வருவாய் உண்டு, மக்கள் வளர்ந்துவிட்டனர், இனியேனும் துன்பம் தீரும் என்று அம்மையார் எண்ணியிருத்தல் இயல்பு. அக்காலம் ஓராண்டும் நீடிக்கவில்லை. 1921-இல் பார்த்தசாரதி கோயில் யானையால் தாக்கப்பெற்ற பாரதியார் அதிலிருந்து தேறினார். ஆயினும் உடல் நலிந்து, பின்னர் வயிற்றுக் கடுப்பு நோய்க்கு ஆளாகி, செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவு கழிந்தபின் உயிர் நீத்தார். அவருக்கு அகவை முப்பத்தெட்டு, அம்மையாருக்கு முப்பத்தொன்று. இறுதி ஊர்வலத்தில் சென்றோர் இருபதின்மரைத் தாண்டவில்லை என்பர்.

கணவர் விட்டுச்சென்ற செல்வம் கையெழுத்துப் படிகளே. பள்ளிக் கல்வியும் வணிக அனுபவமும் இல்லாத அம்மையார், துக்கம் ஆறுமுன்னரே, உறவினர் துணையுடன் பாரதி ஆச்ரமம் என்னும் பெயரில் நூல் வெளியீட்டைத் தொடங்கி, 1922-இல் சுதேச கீதங்களை அச்சிட்டார். இச்செயலை நாம் தனித்துக் கருதுதல் வேண்டும். கைம்பெண்ணின் முகத்தில் விழிப்பதே தீ நிமித்தம் என்று எண்ணிய காலம் அது. அக்காலத்தில் ஒரு பெண்மணி தம் கணவரின் பாடல்களை நாட்டிற்கு அளிக்கும் பொறுப்பை மேற்கொண்டார்.

ஆயினும் அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அச்சுக் கூலி, விற்பனை, இளைய மகளின் திருமணம் எனச் செலவுகள் நெருக்கின. பாரதியாரின் தந்தையாருக்கு இரண்டாம் மனைவி வழிப் பிறந்த தம்பி சி. விசுவநாதன், உறவினர் ஹரிஹர சர்மா, சகுந்தலாவின் கணவர் நடராஜன் ஆகியோர் பாரதி பிரசுராலயத்தை நிறுவி நூல்களை வெளியிட்டனர். காலப்போக்கில் பதிப்புரிமை அம்மையாரின் கையை விட்டு அவர்களிடம் சென்றது. பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை பின்னர் தனித்து விலையாகிப் பலர் கை மாறியது. 1949-இல் சென்னை அரசு பாரதியாரின் படைப்புகளைத் தன்னுடைமையாக்கிக்கொண்டது. அப்பொழுது அம்மையாருக்கும் பெண்மக்கள் இருவருக்கும் அன்பளிப்புத் தொகை வழங்கப்பெற்றது. பின்னர் அப்படைப்புகள் மக்கள் அனைவருக்கும் பொதுவாயின. பிறர் பொருளீட்டிய காலத்திலெல்லாம் அம்மையாரின் வாழ்வு எளிமையிலேயே கழிந்தது.

அம்மையார் கூறியது

தம் வாழ்வைப் பற்றி அம்மையார் இருமுறை வாய்திறந்தார். முதலாவது, 1941-இல் வெளிவந்த பாரதியார் சரித்திரம் என்னும் நூல். அம்மையார் சொல்ல, மூத்த மகள் தங்கம்மாள் எழுத்தில் அமைந்தது அது. இரண்டாவது, 1951-இல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றி ஆற்றிய உரை.

அவ்வுரையில் அம்மையார் உண்மையை மறைக்கவில்லை. வேறு யாருக்கு மனைவியாக வாய்த்தாலும் வாழ்ந்துவிடலாம், கவிஞருக்கு மனைவியாக இருப்பது அரிது என்றே கூறினார். உண்பதிலும் உறங்குவதிலுங்கூடக் கவிஞரின் போக்கு தனி என்றும், அன்றாட வாழ்வின் தேவைகள் அவர் கண்ணில் படுவதில்லை என்றும் உரைத்தார். அதே வாயால் கணவரின் பேரன்பையும், அவர் கொண்ட கொள்கையின் உயர்வையும், இன்று அவரை உலகம் போற்றுவதால் தமக்குண்டாகும் நிறைவையும் எடுத்துரைத்தார். முப்பதாண்டுகள் கழிந்தபின்னும் பழியும் இல்லாமல் பொய்ப்புகழும் இல்லாமல் பேச அவரால் இயன்றது. 1955-ஆம் ஆண்டில் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நம்முன் எழும் வினா

நம் ஆகமங்கள் இல்லறத்தாருக்கு அணுவிரதங்களையும் துறவியர்க்கு மகாவிரதங்களையும் வகுத்துள்ளன. மகாவிரதம் ஏற்கப் புறப்படுவோன் பெற்றோரிடமும் மனைவி மக்களிடமும் சொல்லி, அவர்களால் விடுவிக்கப்பெற்றே செல்ல வேண்டும் என்று, பொன்னூர் மலையோடு நாம் தொடர்புறுத்திப் போற்றும் குந்தகுந்தாசாரியார் தம் பிரவசனசாரத்தில் விதித்துள்ளார். இவ்விதியின் நுட்பம் செல்லம்மாளின் வரலாற்றைப் படிக்கும்போது நன்கு விளங்குகிறது. ஒருவர் ஏற்கும் நோன்பின் சுமை அவரோடு நிற்பதில்லை. அது வீட்டிலுள்ளார் தோளிலும் இறங்குகிறது. ஆதலின் அவர்களின் இசைவு வேண்டப்படுகிறது.

திருமலையில் 16 அடி உயரத்தில் நின்றருளும் நேமிநாதரின் வரலாற்றை நாம் அறிவோம். திருமணத்தன்று, விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு அவர் துறவு பூண்டார். மணக்கோலத்தில் காத்திருந்த இராஜிமதியாரும் பின்னர் தாமே துறவேற்று ஆரியாங்கனையானார். அம்மையாருக்கு அவ்வழி திறந்திருந்தது. தாமே தேர்ந்து அதில் நடந்தார். செல்லம்மாளுக்கோ அத்தகைய வாய்ப்பு இல்லை. ஏழு வயதில் மாலையிட்டவரை எவரும் எதற்கும் இசைவு கேட்கவில்லை. நாட்டுக்கு உழைக்கும் நோன்பினைக் கணவர் தாமே ஏற்றார். வறுமை என்னும் நோன்பு மனைவிக்குக் கேளாமலே வந்து சேர்ந்தது. அதனை அவர் இறுதிவரை வழுவாது காத்தார்.

கணவரின் பொதுத்தொண்டு, வணிகம், அயலூர்ப் பணி ஆகியவற்றின் பொருட்டு வீட்டின் முழுச் சுமையையும் ஏற்று நடத்தும் பெண்மணிகள் நம் குடும்பங்களிலும் உள்ளனர். ஆலயத் திருப்பணிக்கும் சங்கப் பணிக்கும் கணவர் அளித்த நன்கொடை கல்வெட்டில் ஏறுகிறது. அதன்பொருட்டு வீட்டுச் செலவைச் சுருக்கிய மனைவியின் பெயர் எங்கும் ஏறுவதில்லை. முடிவெடுக்குமுன் அவர்களையும் கலந்து, அவர்தம் இசைவைப் பெற்றோமா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வது நலம். இக்காலத்தில் மனைவியர் பலர் பணிக்கும் பொதுவாழ்வுக்கும் செல்கின்றனர். அவர்களுக்கும் இவ்வினா பொருந்தும்.

2022-ஆம் ஆண்டில், திருமணம் நடந்து 125 ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, கடையத்தில் செல்லம்மா பாரதி பெயரால் ஒரு கற்றல் மையம் அமைக்கப்பெற்று, கணவனும் மனைவியும் அருகருகே நிற்கும் சிலையும் நிறுவப்பட்டது. ஊரார் நகைத்த வீதிகளையுடைய அதே ஊரில் இருவரும் இணையாக நிற்கின்றனர்.

கழுகுமலைப் பாறையில் 8, 9-ஆம் நூற்றாண்டுகளின் வட்டெழுத்துகளில் ஆண் துறவியர் பெயர்களோடு குரத்தியர் எனப்பெறும் பெண் துறவியர் பெயர்களையும் நம் முன்னோர் வேறுபாடின்றிப் பொறித்துவைத்துள்ளனர். அடுத்த முறை அம்மலையை வணங்கிக் குற்றாலம் செல்லும் குடும்பத்தார், திரும்பும் வழியில் கடையத்திலும் ஒரு நாழிகை தங்குக. தம் பிள்ளைகளுக்கு மகாகவியின் பெயரைச் சொல்லும்போது, அவரோடு கூடவே செல்லம்மாள் பெயரையும் சொல்லி வருக என்று கேட்டுக்கொள்கிறோம்.